ரோல்பேக், டவுன்கிரேடு, ரெஸ்டோர்: மூன்றுக்கும் ஒரே சொல் போதுமா?

வணக்கம்.

தரவுத்தள வழங்கியின் மேம்படுத்தல் பாதியில் நின்றுபோனால் என்ன செய்வது என்று விளக்கும் நம் தமிழ் உதவிப் பக்கத்தில், ரோல்பேக் (ஒரு பரிவர்த்தனையின் தரவு மாற்றங்களை ரத்துசெய்தல்), டவுன்கிரேடு (பழைய பதிப்புக்குத் திரும்புதல்), ரெஸ்டோர் (காப்பு நகலிலிருந்து தரவைக் கொண்டுவருதல்) மூன்றையும் ‘மீட்டெடுத்தல்’ என்றே எழுதியிருக்கிறோம். மாற்றியே ஆக வேண்டும். சொல்லை நம்பித் தவறான கட்டளையை இட்டால் தரவு போய்விடும்.

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றும் பிஜி_அப்கிரேட் கருவியையே பாருங்கள். நகலெடுக்கும் முறையில் ஓட்டியிருந்தால் பழைய கோப்புகளில் கைபடாது. பழைய பதிப்பை அப்படியே இயக்கலாம். லிங்க் முறையில் பழைய அடைவும் புதிய அடைவும் ஹார்ட் லிங்க் (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர்) வழியே ஒரே கோப்புகளைப் பகிர்கின்றன. பழைய குளோபல் அடைவில், வழங்கி இயங்கத் தேவையான பிஜி_கண்ட்ரோல் கோப்பின் பெயரில் ‘.ஓல்டு’ ஒட்டப்பட்டிருக்கும். புதிய வழங்கியை இன்னும் இயக்கவில்லையென்றால் அந்த ஒட்டை நீக்கிவிட்டுப் பழையதை இயக்கலாம். ஒருமுறை இயக்கிவிட்டாலோ, பழைய அடைவை நம்ப முடியாது; காப்பு நகல் ஒன்றே வழி.

ஆக, வேலைகள் இரண்டு. முதலாவதில் தரவு இருந்த இடத்திலேயே இருக்கிறது, வழங்கி மட்டும் பழைய பதிப்புக்குத் திரும்புகிறது. இரண்டாவதில் தரவை வெளியிலிருந்து கொண்டுவருகிறோம். இந்த வேறுபாட்டுக்குத் தமிழ் இலக்கணமே இடம் தருகிறது. சுருள்–சுருட்டு போல மீள்–மீட்டு. தன்வினை முதலாவதற்கு, பிறவினை இரண்டாவதற்கு: ‘பதிப்பு மீளல்’, ‘காப்பு மீட்டல்’. பரிவர்த்தனையை ரத்துசெய்யும் ரோல்பேக்குக்குப் ‘பின்னுருட்டல்’ இருக்கட்டும். டவுன்கிரேடுக்குத் ‘தரமிறக்கம்’ வேண்டாம், பழைய பதிப்பு தரம் குறைந்தது என்ற பொருள் வந்துவிடுகிறது.

———

வணக்கம் ஐயா.

தன்வினை–பிறவினைப் பிரிப்பு மிகப் பொருத்தம். மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தின் பக்கத்துக்கும் அது உதவும்: பதிப்பு 8.0-க்கு மேம்படுத்திய தரவு அடைவை 5.7-இல் இயக்க முடியாது. ‘இங்கே பதிப்பு மீளல் இல்லை, காப்பு மீட்டல் மட்டுமே’ என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

ஆனால் ‘மீளல்’, ‘மீட்டல்’ இரண்டும் காதுக்கு மிக நெருக்கம். பதற்றத்தில் படிப்பவர் மாற்றிப் படித்துவிடுவார். ‘பதிப்பு’, ‘காப்பு’ என்ற முன்னொட்டை எந்த இடத்திலும் விடக்கூடாது. பொத்தானில் இடம் குறைவு என்றாலும் ‘மீள்க’ என்று மட்டும் போடக்கூடாது.

இன்னொரு நிலையும் விடுபட்டிருக்கிறது. மேம்படுத்தல் முன்சோதனையிலேயே நின்றுவிடும்போது மீள்வதற்கு ஒன்றுமே இல்லை. போஸ்ட்கிரெஸ் 18-இல், புதிய தரவு அடைவை உருவாக்கும் இனிட்டிபி கட்டளை, தரவு சிதைந்ததா என்று கண்டறியும் செக்சம்மை இயல்பாகவே இயக்கிவிடுகிறது. பழைய தரவுத்தளத்தில் அது இல்லாவிட்டால் இரண்டும் பொருந்தாமல் பிஜி_அப்கிரேட் மறுத்துவிடும். புதிய அடைவை அழித்து, ‘நோ-டேட்டா-செக்சம்ஸ்’ தெரிவோடு இனிட்டிபியை ஓட்டிவிட்டுப் பிஜி_அப்கிரேட்டை மறுபடி ஓட்டினால் போதும். இந்த நிலைக்கு ‘முன்சோதனைத் தடை’ என்று வைக்கலாம். ‘மீண்டும் ஓட்டவும்’ என்று அங்கே எழுதாதீர்கள். அதுவும் மீள் என்ற வேரிலிருந்து வந்ததுதான். ‘மறுபடி ஓட்டவும்’ என்றால் குழப்பமில்லை.