டீச்-பேக்: ‘ஒப்புவித்தல்’ வேண்டாம், ‘சொல்லக்கேட்டல்’ சரிவருமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நோயாளிக் கல்விக் கையேட்டை மொழிபெயர்த்துவரும் தம்பி ‘டீச்-பேக்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தார். வந்த சொற்களையெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போட்டு என் செவிலியர் மாணவிகளோடு பேசிப் பார்த்தேன். வார்டில் பல ஆண்டுகள் நின்றவள், இப்போது வகுப்பெடுப்பவள் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக, அது என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். மருந்தைப் பற்றியோ ஊசியைப் பற்றியோ விளக்கிய பிறகு செவிலியர் “புரிஞ்சுதா?” என்று கேட்பதில்லை. “நான் தெளிவாச் சொன்னேனான்னு பார்க்கணும். வீட்டுக்குப் போனதும் என்ன செய்வீங்க, உங்க வார்த்தையிலேயே சொல்லுங்க” என்று கேட்கிறார். வரும் பதிலில் பிசகு இருந்தால் வேறு விதமாக விளக்கி மறுபடியும் கேட்கிறார். “புரிஞ்சுதா?” என்றால் நம் ஊரில் தலையாட்டல்தான் பதில். பெரியவர்கள் முன்னால், அதிலும் வெள்ளைக் கோட்டு முன்னால், ‘புரியவில்லை’ என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்?

என் கையால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அறுபது வயது அம்மா ஒருவருக்கு வீடு திரும்பும் நாளில் இன்சுலின் சொல்லிக்கொடுத்தேன். தொடையில் எந்த இடம், சாப்பாட்டுக்கு எத்தனை நிமிடம் முன்னால் என்றெல்லாம் சொல்லிவிட்டு, “மருந்து எப்பவும் ஃபிரிட்ஜ்ல இருக்கணும்” என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இரண்டு வாரத்தில் சர்க்கரை ஏறித் திரும்பி வந்தார். குப்பியைக் கொண்டுவரச் சொன்னேன். மஞ்சப் பையில் துணி சுற்றி எடுத்து வந்தார், கல்லாக உறைந்திருந்தது. “சில்லுன்னு இருக்கணும்னு நீதானேம்மா சொன்னே, அதான் ஐஸ் பெட்டிக்குள்ள வெச்சேன்” என்றார். உறைந்த இன்சுலின் வீணாய்ப் போன இன்சுலின். கதவுத் தட்டில் வை, ஐஸ் பெட்டியில் வைக்காதே என்று நான் சொல்லவே இல்லை. ‘மருந்தை எங்கே வைப்பீங்க?’ என்று அன்றைக்கே கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அதனால்தான் தம்பி சொன்ன ‘ஒப்புவித்தல்’ எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் எழுதியிருந்தது:

> பள்ளியிலிருந்தே தெரிந்த சொல். புதிதாக விளக்க வேண்டியதில்லை.

பள்ளியிலிருந்தே தெரிந்த சொல் என்பதுதான் எனக்குத் தடை, தம்பி. ஒப்பிப்பதென்றால் வரி பிசகாமல் சொல்ல வேண்டும், பிசகினால் அடி விழும். நம் நோயாளிகளில் பாதிப் பேருக்கு அந்த வகுப்பறைப் பயம் இன்னும் போகவில்லை. நான் சொன்ன சொற்களையே அவர் கிளிப்பிள்ளையாகத் திருப்பிச் சொன்னால் எனக்கு ஒன்றும் தெரியாது. “ஃபிரிட்ஜ்ல வைக்கணும்” என்று அந்த அம்மாவும் அழகாக ஒப்பித்திருப்பார்.

‘மீள்கற்பிப்பு’ என்றால் நான் இரண்டாம் முறை பாடம் நடத்துகிறேன் என்றாகும். யாழ்ப்பாணத்து அக்கா சொன்ன ‘மீட்டல்’ கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அவர்கள் ஊர்ப் பள்ளிகளில் தேர்வுக்கு முன் பாடத்தைத் திரும்பப் படிப்பதற்கு அந்தப் பெயர் ஊன்றிப்போன ஒன்று, இந்தப் பக்கத்தில் அது வீணையை நினைவூட்டும். ‘சொல்லிக்காட்டல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். செய்த உதவியை முகத்துக்கு நேரே குத்திப் பேசுவதற்கல்லவா நாம் அப்படிச் சொல்கிறோம்? மாணவிகள் அதை முதலிலேயே அழித்துவிட்டார்கள்.

‘மீள்கற்பிப்பு’ தவிர இந்தச் சொற்கள் எல்லாமே நோயாளி செய்யும் வேலைக்குப் பெயர் வைக்கின்றன. ஒப்பிப்பவர் அவர், மீட்டுபவர் அவர், தவறினால் தவறும் அவருடையது. ஆனால் இந்த முறையில் சோதிக்கப்படுவது என் விளக்கம். பெயரிலும் அது தெரிய வேண்டும் என்பதே என் கட்சி.

இதற்கு வங்கதேசத்தைப் போல் நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து வேறில்லை. 1980 முதல் பத்தாண்டுகள் பிராக் என்ற தொண்டு நிறுவனத்தின் பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போய், வயிற்றுப்போக்குக்கு உப்பு-வெல்லக் கரைசல் செய்யச் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. சில வாரம் கழித்து வேறொரு குழு அவற்றில் சில வீடுகளுக்குப் போய், நினைவில் வைக்கச் சொன்ன குறிப்புகளைத் தாயிடம் கேட்கும், கரைசலைச் செய்துகாட்டச் சொல்லும். தாய் எவ்வளவு சரியாகச் சொன்னாரோ, அதைப் பொறுத்துச் சொல்லிக்கொடுத்த ஊழியருக்குச் சம்பளம்! தாய் தவறினால் குறைவது ஊழியரின் சம்பளம்தான். பாடம் யார் தோளில் இருக்கிறது என்பதை இவ்வளவு நேராக வைத்த திட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மரியாதை வருகிறது.

மருத்துவர்கள் இதை எவ்வளவு குறைவாகச் செய்கிறார்கள் என்பதற்கும் கணக்கு உண்டு. அமெரிக்க மருத்துவர் டீன் ஷில்லிங்கர் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயாளிகளுடனான 61 சந்திப்புகளில் 12-இல் மட்டுமே, புதிதாகச் சொன்னது புரிந்ததா என்று மருத்துவர் சோதித்திருந்தார். உளவியல் பக்கமும் ஒரு வலு இருக்கிறது: படித்ததைத் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது நெடுநாள் தங்கும் என்று ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் காட்டினார்கள். ஆக, கேட்பது எனக்குச் சோதனை, சொல்வது அவருக்குப் பயிற்சி.

இனி என் முன்மொழிவு: சொல்லக்கேட்டல். நோயாளி சொல்ல, செவிலியர் கேட்கிறார். வினை என்னுடையது. ‘கேள்’ என்பதற்கு வினவு, காது கொடு என்று இரண்டு பொருளும் உண்டு, இங்கே இரண்டும் வேண்டும். வார்டில் பேச்சாகவும் வருகிறது: “பத்தாம் பெட் அம்மாகிட்ட சொல்லக் கேட்டாச்சா?”

கூடவே இன்னொன்றும் கிடைக்கிறது. ஊசி போடுவதை நோயாளியே செய்து காட்டும் முறையை ‘ரிட்டர்ன் டெமான்ஸ்ட்ரேஷன்’ என்போம். அதற்குச் செய்யக்காணல். இது இல்லாமல் சொல்லக்கேட்டல் மட்டும் போதாது. ஒரு மில்லியில் 40 யூனிட் இன்சுலின் உள்ள குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு மூடி. “இருபது கோடு வரைக்கும் இழுப்பேன்” என்று வாயால் சரியாகச் சொல்பவர், 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். கையைப் பார்த்தால்தான் இது தெரியும்.

பிழை இருந்தால் சொல்லுங்கள்.

---

> இனி என் முன்மொழிவு: சொல்லக்கேட்டல்

அம்மா, ஓய்வுபெற்ற தமிழாசிரியன் எழுதுகிறேன். ‘மீள்கற்பிப்பு’ என்னுடையது, அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆசிரியர் உரைப்பதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் மாணவன் கொள்வது கால் பங்குதான், உடன் பயில்வோரோடு பழகி இன்னொரு கால், பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் மீதி அரை என்று நன்னூல் கணக்குச் சொல்கிறது. நாற்பது ஆண்டு அதை நடத்தியவன் நான். வகுப்பில் எத்தனை முறை “புரிந்ததா?” என்று கேட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பேன்!

இலக்கணத்தில் குறையில்லை. ‘செய’ என்னும் வாய்பாட்டு எச்சத்தின் பின் வல்லினம் மிகும், இரண்டு சொல்லிலும் ஒற்று சரி. ஒரே ஒரு ஐயம். “யாரோ சொல்லக் கேட்டேன்” என்றால் செவிவழிச் செய்தி என்று ஆகிறதே?

---

ஐயா, வணக்கம். உங்கள் ஐயம் நியாயமானது. மாணவிகளிடமும் வைத்தேன். ‘யாரோ’ என்ற இடத்தில்தான் செவிவழி வருகிறது, யார் சொல்லக் கேட்டோம் என்று எழுதிவிட்டால் போய்விடுகிறது என்றாள் ஒருத்தி. எனவே தனியாக நிறுத்தாமல் ‘நோயாளி சொல்லக்கேட்டல்’ என்றே கையேட்டில் முதலில் வரட்டும். பழகிய பிறகு முன்சொல் தானே உதிரும்.

வீடு திரும்பும் நாள் படிவத்தில் “அறிவுரை வழங்கப்பட்டது” என்று ஒரு கட்டம் இருக்கிறது. நான் ஆயிரம் முறை அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அந்த அம்மாவுக்கும் போட்டேன். தம்பி, கையேட்டின் மாதிரிப் படிவத்தில் அந்த வரியை எடுத்துவிட்டு இரண்டு கட்டம் வையுங்கள்: “சொல்லக் கேட்டேன்”, “செய்யக் கண்டேன்”. பக்கத்தில், நோயாளி சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுத ஒரு வரி இடம் விடுங்கள்.