ஒளிபரப்புப் பணத்தில் ரக்பி லீக்குக்கும் ரக்பி யூனியனுக்கும் ஏன் இத்தனை இடைவெளி?

பந்தாடி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ரக்பியின் இரு வடிவங்களான லீக் (அணிக்குப் பதின்மூவர்), யூனியன் (அணிக்குப் பதினைவர்) ஆகியவற்றுக்கு ஆஸ்திரேலியாவில் கிடைக்கும் ஒளிபரப்பு ஒப்பந்தங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். தேசிய ரக்பி லீக் 2018 முதல் 2022 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 180 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு உரிமங்களை விற்றது. ஏறக்குறைய அதே காலத்தில், 2016 முதல் 2020 வரை, ரக்பி யூனியனுக்குக் கிடைத்த தொகை 28.5 கோடி டாலர். அடுத்த ஒப்பந்தத்தில், நைன் தொலைக்காட்சி நிறுவனத்துக்கும் அதன் இணைய ஒளிபரப்பான ஸ்டான் சேவைக்கும் மூன்று ஆண்டுகளுக்குச் சுமார் 10 கோடி டாலருக்கு உரிமம் கைமாறியது.

யூனியன் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஆடப்படும் விளையாட்டு. அதன் உலகக் கோப்பை 1987 முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்துவருகிறது. லீக் வலுவாக இருப்பதோ ஆஸ்திரேலியாவின் இரண்டு மாநிலங்கள், வடக்கு இங்கிலாந்து, பாப்புவா நியூ கினி, நியூசிலாந்து, பிரான்சின் தென்பகுதி என்று விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய இடங்களில்தான். அப்படியிருக்க, சிறிய பரப்புள்ள ஆட்டம் பெரிய பணத்தை எப்படி ஈட்டுகிறது? இதற்கு 1995-இல் நடந்த "சூப்பர் லீக் போர்" காரணமா, அல்லது வேறு ஏதேனும் உள்ளதா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதின்மூவர் (மறுமொழி)

ஓர் ஆட்டம் எத்தனை நாடுகளில் ஆடப்படுகிறது என்பதை ஒளிபரப்பு நிறுவனம் விலை பேசும்போது அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. சிட்னியிலோ பிரிஸ்பேனிலோ சந்தா கட்டும் ஒரு வீட்டில் வாரத்துக்கு எத்தனை இரவுகள் அந்த அலைவரிசையைப் பார்ப்பார்கள் என்பதைத்தான் அது கேட்கிறது. லீக்கின் இன்றைய வார அட்டவணையைப் பாருங்கள்: வியாழன் இரவு ஓர் ஆட்டம், வெள்ளி மாலை ஒன்று, இரவு ஒன்று, சனிக்கிழமை மூன்று, ஞாயிறு இரண்டு. பதினேழு அணிகளில் ஒன்று ஓய்வெடுக்க, மற்ற பதினாறும் ஆடும் இந்த எட்டு ஆட்டங்களில் பெரும்பாலானவை ஒன்றன் மீது ஒன்று விழாமல் தனித்தனி நேரத்தில் அமைகின்றன. மார்ச் முதல் அக்டோபர் தொடக்கம் வரை இந்த ஏற்பாடு வாராவாரம் தொடர்கிறது. இதற்கு மேல் நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் 1980 முதல் மோதிவரும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் தொடர் இருக்கிறது. அதன் மூன்று ஆட்டங்களும் ஆண்டுதோறும் அந்நாட்டில் மிக அதிகம் பேர் பார்க்கும் நிகழ்ச்சிகளுள் இடம்பெறுகின்றன.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்க அணிகள் சேர்ந்து ஆடிய யூனியனின் சூப்பர் ரக்பி போட்டி இதற்கு நேர்மாறாக இருந்தது. ஜோகன்னஸ்பர்க்கில் மாலையில் தொடங்கும் ஆட்டம் சிட்னியில் நள்ளிரவைக் கடந்துதான் திரைக்கு வரும். அந்த நேரத்து ஆட்டத்துக்கு எந்த விளம்பரதாரர் நல்ல விலை கொடுப்பார்? தென்னாப்பிரிக்க அணிகள் 2020-க்குப் பிறகு ஐரோப்பியப் போட்டிகளுக்குப் போய்விட்டன. ஆனால் அதற்குள் ஆஸ்திரேலியப் பார்வையாளர்களில் பலர் கையைவிட்டுப் போயிருந்தார்கள்.

இனி 1995-இன் "சூப்பர் லீக் போர்". கட்டணத் தொலைக்காட்சி ஆஸ்திரேலியாவில் அப்போதுதான் கால் ஊன்றிக்கொண்டிருந்தது. ரூபர்ட் முர்டாக்கின் நியூஸ் நிறுவனம் ஒரு பக்கம், நைன் தொலைக்காட்சியின் கெர்ரி பாக்கரும் ஆப்டஸ் தொலைத்தொடர்பு நிறுவனமும் மறுபக்கம் நின்று லீக்கைக் கைப்பற்றப் போட்டியிட்டபோது, வீரர்களின் ஊதியம் சில வாரங்களில் பன்மடங்காக உயர்ந்தது. தங்கள் வீரர்களையும் லீக் வாங்கிவிடும் என்று அஞ்சிய நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்க யூனியன் சங்கங்கள் சான்சார் என்ற கூட்டமைப்பை உருவாக்கி, உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்கு முந்தைய நாளான ஜூன் 23 அன்று, பத்து ஆண்டுகளுக்கு 55 கோடி அமெரிக்க டாலருக்கு அதே முர்டாக்கிடம் உரிமம் விற்றதாக அறிவித்தன. அப்போது யூனியன் பெயரளவில் இன்னும் அமெச்சூர் ஆட்டம், அதாவது வீரர்களுக்கு ஊதியம் தரத் தடை இருந்தது. ஆகஸ்ட் இறுதியில் பாரிஸில் கூடிய சர்வதேச வாரியம் அந்தத் தடையை நீக்கியது. ஆக, லீக்கில் நடந்த சண்டைதான் யூனியனைத் தொழில்முறை ஆட்டமாக்கியது என்று சொன்னால் மிகையாகாது.

ஆனால் உடனடி ஆதாயம் லீக்குக்கும் கிடைத்துவிடவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1997-இல் நியூஸ் நிறுவனத்தின் போட்டியும் பழைய போட்டியும் தனித்தனியே நடந்து, 1998-இல் ஒன்றான பிறகு, தேசிய ரக்பி லீக்கின் பாதி உரிமை நியூஸ் நிறுவனத்திடமே இருந்தது. உரிமத்தை வாங்கும் தரப்பே விற்கும் தரப்பில் பாதிப் பங்காளியாக இருந்தால் விலை எப்படி ஏறும்? 2012 தொடக்கத்தில் அந்நிறுவனம் விலகி, சுதந்திரமான ஆணையம் பொறுப்பேற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் கையெழுத்தான ஐந்தாண்டு ஒப்பந்தம் 102.5 கோடி டாலரைத் தொட்டது. நீங்கள் கேட்ட இடைவெளி பெரிதாகத் தொடங்கியது 1995-இல் அல்ல, 2012-இல்தான் என்பது என் கருத்து.

வடபுலத்தான் (மறுமொழி)

பதின்மூவர் சொன்னது ஆஸ்திரேலியாவுக்குப் பொருந்தும். இங்கிலாந்தில் கதை தலைகீழ் என்பதையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் படம் முழுமையாகாது.

பணத்தகராறில்தான் இந்த இரண்டு ஆட்டங்களும் பிரிந்தன. ஆட்டத்துக்காக வேலையை விட்டுவந்த தொழிலாளிக்கு இழந்த கூலியை ஈடுசெய்வதா என்ற கேள்வியில், 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் விடுதியில் கூடிய வடக்குக் கிளப்புகள் பிரிந்து சென்றன. நூறு ஆண்டுகள் கழித்து, 1995 ஏப்ரலில், அதே வடக்குக் கிளப்புகளிடம் ஸ்கை தொலைக்காட்சி ஐந்து ஆண்டுகளுக்கு 8.7 கோடி பவுண்டு கொடுக்க முன்வந்தது. அதற்கு விலையாகக் குளிர்கால ஆட்டம் கோடைக்கு மாற வேண்டியிருந்தது. காசல்ஃபோர்ட், ஃபெதர்ஸ்டோன், வேக்ஃபீல்ட் ஆகிய மூன்றையும் இணைத்து "கால்டர்" என்று ஒரே அணியாக்கும் திட்டமும் வந்தது. ரசிகர்கள் கொதித்தெழுந்ததால் அது கைவிடப்பட்டது. மூன்று ஊர்ப் பகையை ஒரு சட்டைக்குள் திணிக்கலாம் என்று யார்தான் நினைத்தார்களோ தெரியவில்லை.

அடுத்த ஆண்டே இங்கிலாந்து யூனியன் சங்கம் அதே ஸ்கையுடன் ஐந்து ஆண்டுகளுக்கு 8.75 கோடி பவுண்டுக்குத் தனியாக ஒப்பந்தம் செய்துகொண்டது. மற்ற நாடுகள் வெகுண்டு, இங்கிலாந்தை ஐந்து நாடுகள் போட்டியிலிருந்தே (இன்றைய ஆறு நாடுகள் போட்டி) சில காலம் விலக்கிவைத்தன. கவனியுங்கள்: 1996-இல் இரண்டு ஆட்டங்களின் விலையும் ஏறத்தாழச் சமம்.

இன்று நிலைமை அப்படி இல்லை. 2021-க்கு முன் ஆண்டுக்குச் சுமார் 4 கோடி பவுண்டாக இருந்த, இங்கிலாந்தின் லீக் கிளப் போட்டியான சூப்பர் லீக்கின் ஸ்கை வருமானம், 2024-இல் தொடங்கிய ஒப்பந்தத்தில் ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கிவிட்டது. வேறு எவரும் தீவிரமாகக் கேட்காத சரக்குக்கு ஸ்கை தன் விருப்பப்படி விலை வைத்தது. யூனியன் பக்கமோ, ஆறு நாடுகள் போட்டியின் ஏழில் ஒரு பங்குக்கு மட்டும் சிவிசி என்ற முதலீட்டு நிறுவனம் 2021-இல் 36.5 கோடி பவுண்டு தர ஒப்புக்கொண்டது. பிரான்சின் டாப் 14 கிளப் போட்டிக்குக் கனால் பிளஸ் 2023 முதல் நான்கு பருவங்களுக்கு 45 கோடி யூரோவுக்கு மேல் கொடுக்கிறது. டூலூஸும் கிளெர்மோனும் வாராவாரம் அரங்கை நிரப்புகின்றன. வாரந்தோறும் ஆட்டம் கிடைத்தால் யூனியனுக்கும் விலை உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அதற்காக யூனியன் கிளப்புகள் செழிக்கின்றன என்று பொருளல்ல. இங்கிலாந்தில் வூஸ்டரும் வாஸ்ப்ஸும் 2022-இலும் லண்டன் ஐரிஷ் 2023-இலும் கடனில் மூழ்கின. பணம் தேசிய அணியைச் சுற்றியே தேங்குகிறது. கிளப்புகளை வந்து சேர்வது அதன் கசிவு மட்டுமே.

பந்தாடி

இருவருக்கும் நன்றி. வாராந்தர ஆட்டங்களின் எண்ணிக்கையும், ஏலம் கேட்கப் போட்டியாளர் இருப்பதும்தான் விலையைத் தீர்மானிக்கின்றன என்று புரிந்துகொள்கிறேன். ஒரு துணைக்கேள்வி: பணம் இத்தனை குறைவாக இருக்கும்போது, ஆஸ்திரேலிய யூனியன் எப்படி லீக் வீரர்களுக்குப் பெருந்தொகை கொடுத்து இழுக்க முடிகிறது?

பதினைவர் (மறுமொழி)

எல்லோருக்கும் கொடுக்க முடியாது. ஒருவருக்குக் கொடுக்க முடியும். லீக்கில் ஊதிய உச்சவரம்பு உண்டு. ஒரு கிளப் முப்பது பேருக்கு அந்தத் தொகையைப் பங்கிட்டாக வேண்டும். யூனியனில் தேசிய சங்கமே நேரடியாக ஒப்பந்தம் செய்வதால், ஒரு நட்சத்திரத்துக்காக மட்டும் பையைத் திறக்க முடிகிறது. சிட்னி ரூஸ்டர்ஸ் அணியின் ஜோசப் சுவாலியை 2023-இல் ஒப்பந்தம் செய்தது அப்படித்தான். 2024 நவம்பரில் ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்துக்கு எதிராக அவர் முதன்முறையாகத் தேசிய அணிக்கு ஆடினார்.

இது பழைய உத்தி. 2003 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலிய அணியில் வெண்டெல் செய்லர், மேட் ரோஜர்ஸ், லோட்டே டுகிரி என்று லீக்கிலிருந்து வந்த மூவர் இருந்தனர். அன்று விழுந்த ட்ரைகள் (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றிப் பெறும் புள்ளிகள்) இரண்டே. ஒன்று டுகிரியுடையது, மற்றது இங்கிலாந்தின் ஜேசன் ராபின்சனுடையது. ராபின்சனும் விகன் அணியின் லீக் வீரர்தான். யூனியனின் மிகப் பெரிய மேடையில் ட்ரை போட்ட இருவரையுமே வளர்த்தெடுத்தது லீக்.

ஆனால் இந்தச் செலவுக்கான பணம் வாராந்தர ஒளிபரப்பிலிருந்து வருவதில்லை. பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் அணி ஒரு நாட்டுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும். 2025-இல் அது ஆஸ்திரேலியாவுக்கு வந்தது. 2027-இல் உலகக் கோப்பை அங்கே நடக்கவிருக்கிறது. இந்த இரண்டையும் நம்பித்தான் ரக்பி ஆஸ்திரேலியா 2023-இல் 8 கோடி டாலர் வரை கடன் வாங்க ஏற்பாடு செய்தது. லீக்குக்கு மாதச் சம்பளம் போல வருவது யூனியனுக்குத் திருவிழா வசூல் போல வருகிறது.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 2025-இல் ஆர்360 என்ற புதிய கிளப் போட்டி இரு ஆட்டங்களின் வீரர்களையும் அணுகத் தொடங்கியபோது, அதில் சேருவோருக்குப் பத்தாண்டுத் தடை என்று லீக் ஆணையம் அறிவித்தது. முன்னணி யூனியன் நாடுகளோ, அவர்களைத் தேசிய அணிக்குத் தேர்ந்தெடுக்க மாட்டோம் என்றன. மூன்றாமவர் பணத்தோடு வந்ததும், நூற்றாண்டுப் பகையாளிகள் இருவரும் ஒரே பக்கம் நின்றுவிட்டார்கள்.

லீக்கின் இப்போதைய உள்நாட்டு ஒப்பந்தங்கள் 2027 வரை ஓடும். அதற்குள், லீக்கை ஒளிபரப்பும் கட்டணத் தொலைக்காட்சியான ஃபாக்ஸ்டெல், டாசோன் என்ற இணைய விளையாட்டு ஒளிபரப்பு நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. நைன் நிறுவனத்தோடு யூனியன் 2026 முதல் ஐந்து ஆண்டுகளுக்குச் செய்துகொண்ட ஒப்பந்தமோ, ஊக்கத்தொகை எல்லாம் சேர்த்தும் 24 கோடி டாலருக்குள் அடங்கிவிட்டது. லீக்கின் அடுத்த ஏலத்தில் டாசோனுக்கு எதிராக யார் கை உயர்த்துகிறார்கள் என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.