பாசி மூடிய குளத்தில் விரால்: அடி விழுகிறது, மீன் கரைக்கு வரவில்லை

கம்பளை:

அண்ணன்மாருக்கு வணக்கம். தேயிலை மலைக்குக் கீழே உள்ள பழைய குளம், அரை ஏக்கர்கூட வராது. முக்கால் பங்கைச் சல்வீனியா என்கிற மிதக்கும் பாசி மூடிவிட்டது. மிச்சத்தில் அல்லியும் அடியிலிருந்து எழும்பி வரும் கொடிப்பாசியும். விரால் இருக்கிறது, நல்ல பருமனிலும் இருக்கிறது. கொக்கி வைத்த ரப்பர் தவளையைப் பாசிமேல் இழுத்தால், மீன் பத்துத் தடவை அடித்தால் ஒன்றுதான் கரைக்கு வருகிறது. ஆறரை அடி ரொட், 3000 அளவு ரீல், 20 இறாத்தல் தாங்கும் தங்கூஸ் (நைலோன் நூல்). அமெரிக்காவில் பாஸ் மீனுக்குச் சொல்லிக்கொடுக்கிற முறைப்படி பாசியின் வெளிவிளிம்பை ஒட்டித்தான் போடுகிறேன். எங்கே பிழை?

புசல்லாவை:

தம்பி, பாஸும் விராலும் ஒளிந்திருந்து பாய்கிற மீன்கள்தான். தவளை, ரப்பர் புழு எல்லாம் இரண்டுக்கும் பொது. ஆனால் மூச்சு வேறு. பாஸுக்குச் செவுள்தான் எல்லாம். சல்வீனியா கம்பளி போர்த்த மாதிரி மூடிய இடத்தில் கீழே வெளிச்சம் இறங்காது, அழுகிற இலை தண்ணீரிலுள்ள ஒட்சிசனையும் தின்றுவிடும். அங்கே பாஸ் நிற்பது குறைவு, பெரும்பாலும் விளிம்புக்கு வந்துவிடும். அதனால்தான் அவர்கள் விளிம்பில் போடச் சொல்கிறார்கள். விரால் மேலே வந்து வாயால் காற்றுக் குடிக்கிற மீன். மற்ற மீன் திணறி ஓடுகிற நடுப்பாசிதான் அதற்கு வீடு. வெளிவிளிம்பில் உங்களுக்கு விழுகிறது பெரும்பாலும் குட்டி விராலாக இருக்கும்.

போனவுடன் தூண்டிலை வீசாதீர்கள். இருபது நிமிடம் கரையில் அசையாமல் உட்கார்ந்து பாசியைப் பாருங்கள். கம்பளம் மாதிரி கிடக்கிற இலை ஓரிடத்தில் மட்டும் சாண் அகலத்துக்கு மேலே உப்பும். ‘பொளக்’ என்று கனத்த சத்தம் ஒன்று, பிறகு கறுப்புத் தண்ணீர் தெரியும், இரண்டொரு குமிழி வரும், இலை மெதுவாகத் திரும்ப மூடிக்கொள்ளும். திலாப்பியா எழுப்புவது சின்னச் சத்தம், உதடு சப்புக்கொட்டுகிற மாதிரி. இரண்டையும் காது பிரித்துக்கொள்ளப் பழக வேண்டும். விரால் அதே ஓட்டைக்கோ அதற்குப் பக்கத்துக்கோ திரும்பி வரும். எதிர்க்கரை மரம் ஒன்றோடு அந்த இடத்தை நேராக்கி மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தவளையை அந்த ஓட்டையின் தலையில் போட்டால் மீன் ஓடிவிடும். இரண்டு மீற்றர் தாண்டிப் போட்டு, இலைமேல் தத்தித் தத்திக் கொண்டுவந்து, ஓட்டைக்கு வந்ததும் நிறுத்துங்கள். ஐந்து எண்ணும் வரை சும்மா இருக்கட்டும். பாதி அடி அந்த நிறுத்தத்தில்தான் விழும்.

இன்னொன்று. போடுமுன் எடுக்கிற வழியைப் பாருங்கள். ஓட்டைக்கும் உங்கள் காலுக்கும் இடையில் அல்லித் தண்டோ முங்கிய கட்டையோ இருந்தால் அங்கிருந்து போடவே வேண்டாம். கரையைச் சுற்றி நடந்து, சல்வீனியா மட்டும் இருக்கிற நேர்கோட்டுக்கு வாருங்கள். சல்வீனியாவுக்கு அடியில் பிடிமானம் கிடையாது, மீனோடு சேர்ந்து வழுக்கி வரும். அல்லித் தண்டு அப்படியல்ல, நூலைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும்.

நாவலப்பிட்டி:

அண்ணன் இடத்தைச் சொல்லிவிட்டார், நான் சாமானைச் சொல்கிறேன். பிழையில் பாதி அந்தத் தங்கூஸில் இருக்கிறது தம்பி. தங்கூஸ் ரப்பர் மாதிரி இழுபடும். 20 மீற்றர் தூரத்தில் நீங்கள் ரொட்டை வெட்டி, அதாவது சட்டென்று சுண்டி, இழுக்கிற விசை நூல் நீளுவதிலேயே போய்விடும், கொக்கி விராலின் எலும்பு வாயில் ஏறாது. 50 இறாத்தல் பிரெய்ட், அதாவது பின்னல் நூல், போடுங்கள். அது நீளாது, பாசித் தண்டையும் கத்தி மாதிரி அறுத்துக்கொண்டு வரும். ரீலில் நூல் சுற்றுகிற ஸ்பூலில் முதலில் ஐந்தாறு மீற்றர் தங்கூஸ் சுற்றி, அதன் மேல் பிரெய்டைக் கட்டுங்கள். நேரே சுற்றினால் மொத்த நூலும் ஸ்பூலில் வழுக்கிச் சுழலும், டிராக் (மீன் இழுக்கும்போது நூலை விடுகிற பிடி) கெட்டுப்போன மாதிரித் தெரியும். நுனியில் லீடர் என்று தனி நூல் துண்டு வேண்டாம், அதை இணைக்கிற முடிச்சில்தான் பாசி கொத்தாகச் சேரும். ஒவ்வொரு மீனுக்கும் பிறகு நுனி ஒரு அடியை விரலால் தடவிப் பாருங்கள். பஞ்சு மாதிரிப் பிரிந்திருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.

கட்டுவது பலோமர் முடிச்சு. நூலை இரட்டையாக்கித் தவளையின் வளையத்தில் நுழைத்து, சாதாரண முடிச்சு ஒன்று போட்டு, நுனியில் மிஞ்சுகிற நூல் காதுக்குள் தவளையை முழுதாக நுழைத்து, எச்சில் தொட்டு இறுக்குங்கள். பிரெய்ட் வழுவழுப்பானது, சும்மா சுற்றிக் கட்டுகிற முடிச்சு அதில் நழுவும். ரொட் ஏழு அடி, ஹெவி, அதாவது விறைப்பானது. ஆறரை அடி மெல்லிய ரொட் வளைந்துகொடுக்கிற நேரத்தில் மீன் கீழே போய்விடும். ரீல் 4000 நல்லது, 3000 இருந்தாலும் டிராக்கை முழுக்க இறுக்கிவிடுங்கள்.

இப்போது தவளை. கடையில் வாங்கியதை அப்படியே போடுகிறவர்கள்தான் அதிகம். பெருவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் உடம்பை அமுக்கிப் பாருங்கள். லேசான அமுக்கத்திலேயே இரண்டு கொக்கி நுனியும் முதுகுக்கு மேலே எழும்ப வேண்டும். எழும்பவில்லை என்றால் ரப்பர் கடினம், சுடுதண்ணீரில் ஓரிரு நிமிடம் போட்டு எடுத்துப் பிசையுங்கள். கொக்கி உடம்போடு ஒட்டிக் கிடந்தால் சின்னக் குறட்டால் நுனியை ஒரு மயிரிழை வெளிப்பக்கம் திருப்புங்கள். அதற்கு மேல் திருப்பினால் ஒவ்வொரு இழுப்பிலும் பாசி மாட்டும், கொக்கியும் பலம் இழக்கும். வால் நூல் நீளமாக இருந்தால் விரால் வாலை மட்டும் கவ்விவிட்டுப் போய்விடும். இரண்டு பக்கமும் விரல் அகலத்துக்கு வெட்டுங்கள். ஒரு பக்கத்தைச் சற்றுக் குட்டையாக விட்டால் தவளை நேரே வராமல் இடமும் வலமும் திரும்பும், அது நல்லதுதான். நாலைந்து வீச்சுக்கு ஒருமுறை உள்ளே போன தண்ணீரைப் பிழிந்துவிடுங்கள். தண்ணீர் நிறைந்த தவளை பாசிக்குள் முங்கும். மீன் அடித்தாலும் உடம்பு அமுங்காது, கொக்கி வெளியே வராது.

கம்பளை:

நன்றி அண்ணே. அடித்தவுடன் வெட்டி இழுக்கிறேனே, அது சரியா?

தெல்தெனிய:

அதுதான் மிச்சப் பிழை. விரால் பாசிக்கு அடியிலிருந்து சத்தத்தைக் குறிவைத்து அடிக்கிறது, முதல் அடியில் தவளை வாய்க்குள் போகாமல் மேலே தூக்கி எறியப்படுவதும் உண்டு. தண்ணீர் வெடித்ததைக் கண்ணால் பார்த்து இழுக்காதீர்கள். தவளை மறைந்துவிட்டதா, நூல் நகர்கிறதா என்று பாருங்கள். ரொட் நுனியை மீனை நோக்கித் தாழ்த்தி, தளர்ந்த நூலைச் சுற்றிக்கொண்டே “ஒன்று, இரண்டு” என்று எண்ணுங்கள். கையில் கனம் தெரிந்ததும் ரொட்டை மேலே வெட்டுங்கள், ஒரே வெட்டு.

வெட்டியதும் ரொட்டைத் தாழ்த்தவே கூடாது. முதல் மூன்று விநாடிக்குள் மீனின் தலையைப் பாசிக்கு மேலே கொண்டுவந்தால் அது இலைமேல் சறுக்கிக்கொண்டு வந்துவிடும். தலை கீழே போனதோ, கொடிப்பாசியைச் சுற்றி ஒரு மூட்டையாகிவிடும். அப்படி ஆனால் முரட்டுத்தனமாக இழுக்காதீர்கள். கொக்கி துளையைப் பெரிதாக்கி நழுவும், இல்லாவிட்டால் முடிச்சு போகும். நூலை இறுக்கமாக வைத்தபடி கரையோரமாகப் பக்கவாட்டில் நடந்து கோணத்தை மாற்றுங்கள். அசையவில்லையென்றால் இறுக்கத்தை விடாமல் நில்லுங்கள். விராலுக்குக் காற்று வேண்டும், கொஞ்ச நேரத்தில் தானே மேலே வரப் பார்க்கும். அது அசைகிற அந்தக் கணத்தில் இழுத்தால் பாசியோடு சேர்ந்து கிளம்பிவிடும்.

தவறவிட்ட மீன் உடனே போய்விடாது. அதே ஓட்டையைத் தாண்டி மறுபடி தவளையைக் கொண்டுவரலாம். வராவிட்டால் இரண்டாவது ரொட்டில் 5/0 அளவு வளைகொக்கியில் ரப்பர் புழு கட்டி வைத்திருங்கள், கொக்கி நுனி ரப்பருக்குள் புதைந்திருக்கட்டும். முன்னால் 15 கிராம் துப்பாக்கி ரவை வடிவ ஈயம். ஈயம் நூலில் மேலே ஓடினால் புழு பாசிமேல் தங்கிவிடும், ஈயம் மட்டும் இறங்கும். தென்னோலை ஈர்க்குத் துண்டை ஈயத்தின் துளையில் செருகி முறித்துவிட்டால் இரண்டும் ஒன்றாகத் துளைத்து இறங்கும். சல்வீனியாவுக்கு 15 கிராம் போதும், ஆகாயத்தாமரை என்றால் 28 கிராம் வரை வேண்டிவரும்.

ஹட்டன்:

உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். விரால் சூட்டு மீன். கம்பளைப் பக்கம், விக்டோரியா, ரந்தெனிகலை போன்ற தாழ்ந்த பகுதிகளில் அதைத் தேடலாம். நுவரெலியாவின் 1868 மீற்றர் உயரத்தில் தேடுவது வீண். கிறகரி வாவியில் கார்ப், ஓடைகளில் ட்ரவுட் என்று அங்கே வேறு கணக்கு.

டிசம்பர் முதல் பெப்ரவரி வரை விடிகாலைப் பனியில் போய்க் குந்தாதீர்கள். இரவுக் குளிரில் மீன் மந்தமாகக் கிடக்கும். வெயில் மலைமுகட்டைத் தாண்டிப் பாசிமேல் விழுந்து ஒரு மணி நேரம் கழிந்த பிறகுதான், ஒன்பதரை பத்துக்கு, நல்ல நேரம். மார்ச், ஏப்ரலில் விடிகாலையும் பின்னேரமும். ஆனால் அந்த மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி வரும். காபன் ரொட் மின்சாரத்தைக் கடத்தும். முதல் முழக்கம் கேட்டதும் ரொட்டைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிடத்துக்குள் போங்கள், மரத்தடிக்குப் போகாதீர்கள். காலில் வெட்டுக்காயமோ அட்டை கடித்த புண்ணோ இருந்தால் தேங்கிய தண்ணீருக்குள் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் வருகிற வழி அது.

கண்டி:

ஒரு வேண்டுகோள். மழை தொடங்கியதும் பாசி இடைவெளியில் செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுக்கூட்டம் ஒன்று கொதிக்கிற மாதிரி மேலெழும்பி மேலெழும்பித் தாழும். கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அதன்மேல் தவளையை இழுத்தால் நிச்சயம் அடிக்கும், பசியால் அல்ல, குஞ்சைக் காக்க. தயவுசெய்து அங்கே போடாதீர்கள். காவல் போனால் அந்தக் கூட்டத்தைத் திலாப்பியாவும் கொக்கும் முடித்துவிடும். அரை ஏக்கர் குளத்தில் அது ஒரு வருடத்து விளைச்சல்.

உயிர்த் தவளையைக் கொக்கியில் குத்துவதையும் விட்டுவிடுவோம். மலைநாட்டுத் தவளைகளில் பல உலகில் வேறெங்கும் இல்லாதவை, அழிவின் விளிம்பில் இருப்பவை. இலைக்கு அடியில் பிடித்தது எது என்று நமக்கு அடையாளம் தெரியாது. மகாவலியில் பிடிக்கிறவர்கள், இலங்கைக்கு மட்டுமே உரிய பெரிய விரால் இனம் ஒன்று அங்கே இருப்பதை நினைவில் வைத்து, ஐயமாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

கம்பளை:

விளங்கியது அண்ணே, குஞ்சு இருக்கிற பக்கம் போக மாட்டேன். ஓட்டையே தெரியாத அளவுக்குப் பாசி அடர்ந்திருக்கிற மூலைக்கு என்ன செய்வது?

புசல்லாவை:

நீங்களே ஓட்டை போடலாம் தம்பி. பாசியை விலக்கிவிட்டால் மட்டும் போதாது, சல்வீனியா மிதக்கிற செடி, காற்றடித்ததும் மூடிக்கொள்ளும். மூன்றடிக்கு மூன்றடி மூங்கில் சட்டம் நான்கு கட்டுங்கள். மூலைகளைக் கயிற்றால் இறுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு கல்லைத் தொங்கவிட்டால் நகராது. கரையிலிருந்து நேர்கோட்டில் மூன்று மீற்றர் இடைவெளியில் மிதக்கவிட்டு, சட்டத்துக்குள் இருக்கிற பாசியை வாரியால் அள்ளி எடுங்கள். கோடு நேராக இருந்தால் ஒரே வீச்சில் நான்கு ஓட்டையிலும் தவளையை நிறுத்தலாம், மீனை எடுக்கிற வழியும் அதுவே.

அன்றைக்கே போடாதீர்கள், கலங்கின தண்ணீர் தெளிய மூன்று நாள் விடுங்கள். காற்றுக் குடிக்க லேசான இடம் என்று விரால் தானே அங்கே வரத் தொடங்கும். அள்ளின பாசியை ஓடையில் தள்ளவே கூடாது. ஒரு கணுத் துண்டு போதும், கீழேயுள்ள வயலெல்லாம் மூடிவிடும். 1939இல் இந்த நாட்டுக்குள் வந்த செடி இன்றைக்கும் போகவில்லை. தண்ணீர் எட்டாத மேட்டில் குவித்து, நன்றாகக் காய்ந்த பிறகு மரக்கறிப் பாத்திக்கு மூடாக்காகப் போடுங்கள். சட்டத்தின் உள்பக்கக் கணுக்களைக் கத்தியால் சீவி மழுப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் பிரெய்ட் அதில் மாட்டும்.