7 கேமரா, 2 வைஃபை: ஒரே பெரிய ஸ்விட்சா, ரெண்டு சின்னதா?

சாட்ஸ்வொர்த்_வாசி:
வணக்கம். டர்பன்ல மாடி வீடு, பின்னாடி தனியா அவுட்பில்டிங். நிலையான கேமரா 6, சுழலும் கேமரா 1, வைஃபை பரப்புற ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை 6 ரகம்) 2, ரெக்கார்டர் 1. ஃபைபர் லைன் 200 எம்பிபிஎஸ். 8 போர்ட், 60 வாட் பிஓஇ ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிள்லயே கரண்டும் அனுப்புறது) மலிவா கிடைக்குது. போதுமா?

கம்பிக்காரன்:
போர்ட் கணக்கே உதைக்குது, பிஓஇ கேட்கிறதே 9 இருக்கு. வாட் கணக்கு இன்னும் மோசம். ராத்திரி ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கு எரியும்போது கேமராவுக்கு 8 வாட்னு வைங்க, ஆறுக்கு 48. சுழலுறது 20. ஆக்சஸ் பாயிண்ட் ரெண்டுக்கும் 28. மொத்தம் 96. 60 வாட் ஸ்விட்ச் பகல்ல ஓடினாலும் ஓடும். இருட்டினதும் ஏதாவது ஒரு போர்ட்டை வெட்டும். கேமரா எழும், விழும், மறுபடி எழும். கேமராதான் கெட்டுப்போச்சுன்னு கடைக்குத் தூக்கிட்டு ஓடுவீங்க. 16 போர்ட், முழு கிகாபிட், 150 வாட் மேனேஜ்டு (அமைப்பை நாமே மாத்தக்கூடிய) ஸ்விட்ச் வாங்குங்க. கேமரா ஒரு வி-லேன் (ஒரே ஸ்விட்சுக்குள்ள பிரிச்ச தனி நெட்வொர்க்), வீடு இன்னொரு வி-லேன்.

மெரிபேங்க்_அக்கா:
கணக்கு சரி தம்பி, முடிவு சரியில்லை. இங்க கோடை இடிமழையில வெளிச்சுவர் கேபிள் வழியா சர்ஜ் (திடீர் மின் பாய்ச்சல்) வந்தா, ஒரே ஸ்விட்ச்னா கேமராவும் போச்சு, வைஃபையும் போச்சு. கேமராவுக்குத் தனியா 8 போர்ட் 120 வாட், வைஃபைக்குத் தனியா 5 போர்ட் கிகாபிட் பிஓஇ. கேமரா பக்கம் 100 எம்பிபிஎஸ் போர்ட் தாராளம். 4 மெகாபிக்சல் எச்.265 (வீடியோவைச் சுருக்குற முறை) கேமரா 6 எம்பிபிஎஸ் எடுத்தாலும் ஏழும் சேர்ந்து 42தான். ஆக்சஸ் பாயிண்டை மட்டும் அதுல செருகாதீங்க, உங்க 200 லைன் 95க்குள்ள அடங்கிடும்.

கம்பிக்காரன்:
ரெண்டையும் ஒரே ரவுட்டர்ல செருகினா தடுப்பு எங்கே? கேமரா வீட்டு கம்ப்யூட்டரையும் பார்க்கும், வெளி சர்வரோடயும் பேசும். சர்ஜுக்கு மருந்து எர்த் கொடுத்த புரொடெக்டர், இன்னொரு ஸ்விட்ச் இல்லை.

மெரிபேங்க்_அக்கா:
கேமரா ஸ்விட்சை ரவுட்டர்ல யார் செருகச் சொன்னது? லேன் போர்ட் ரெண்டு இருக்கிற ரெக்கார்டரா பாருங்க. ஒண்ணு கேமரா ஸ்விட்சுக்கு, ஒண்ணு ரவுட்டருக்கு. ரெண்டுக்கும் வேற வேற ஐபி வரிசை. வி-லேனைவிட கெட்டியான சுவர். உங்க வி-லேனுக்கு அதைப் புரிஞ்சுக்கிற ரவுட்டர் வேணும். ஃபைபர் இணைப்போட இலவசமா வர்ற டப்பாவுல பெரும்பாலும் அது கிடையாது.

சாட்ஸ்வொர்த்_வாசி:
மலிவு ஸ்விட்ச் முகப்புல 'வி-லேன்', 'எக்ஸ்டெண்ட்'னு சின்ன தள்ளு பட்டன் இருக்கே, அது?

மெரிபேங்க்_அக்கா:
அது முழு வி-லேன் இல்லை. தள்ளினா 1லிருந்து 8 வரை போர்ட்கள் ஒண்ணையொண்ணு பார்க்காது, அப்லிங்கை (மேல் இணைப்புக்கான தனி போர்ட்டை) மட்டும்தான் பார்க்கும். ரெக்கார்டரை 8ல செருகிட்டு படம் வரலைன்னு தலையைப் பிச்சுக்கிறவங்க நிறைய. அப்லிங்க்ல செருகுங்க. எக்ஸ்டெண்ட் 250 மீட்டர் வரை ஓட்டும், ஆனா போர்ட் வேகம் 10 எம்பிபிஎஸ் ஆயிடும்; 8 மெகாபிக்சல் படம் கட்டம் கட்டமா உடையும். 100 மீட்டருக்குள்ள இருந்தா தொடவே வேண்டாம்.

கம்பிக்காரன்:
சுழலும் கேமராவுக்கு 802.3ஏடி (அதிக வாட் தர்ற பிஓஇ தரம்) போர்ட் வேணும். அதுக்கு முந்தின ஏஎஃப் தர போர்ட் 15.4 வாட் தள்ளும், கேபிள் முனையில 12.95தான் உறுதி. '24 வோல்ட் பேசிவ்'னு (கருவியைக் கேட்காமலே கரண்ட் தள்ளுறது) எழுதியிருந்தா வாங்கவே வாங்காதீங்க. கேபிள் கம்பியை பிளேடால சுரண்டுங்க, உள்ளே வெள்ளையா தெரிஞ்சா செம்பு பூசின அலுமினியம், அதுவும் வேண்டாம்.

சாட்ஸ்வொர்த்_வாசி:
லோட் ஷெட்டிங் (முறை வச்சு கரண்ட் நிறுத்துறது) வந்தா?

மெரிபேங்க்_அக்கா:
ரவுட்டருக்கு விக்கிற 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஆகாது, பிஓஇ ஸ்விட்சுக்கு 48 வோல்ட் அளவுலயாவது வேணும். சராசரி 70 வாட், ரெண்டரை மணி நேரம்னா 175 வாட்-அவர். 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் லெட் பேட்டரியில 84 இருக்கும், பாதிதான் உருப்படியா எடுக்கலாம். 50 ஆம்பியர்-அவர் லித்தியமும் இன்வெர்ட்டரும் போடுங்க. அப்புறம் அவுட்பில்டிங்குக்கு செம்புக் கேபிள் இழுக்காதீங்க. ரெண்டு கட்டடத்து எர்த்தும் ஒரே அளவுல இருக்காது, இடி வந்தா ரெண்டு முனையும் கருகும். ஃபைபர் ஒரு இழையும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரைச் சாதா நெட்வொர்க் கேபிளோட இணைக்கிற பெட்டி) ஒரு ஜோடியும் போதும்.

கம்பிக்காரன்:
ஃபைபர் விஷயத்துல அக்கா சொல்றது சரி. மேனேஜ்டு ஸ்விட்ச்ல ஃபைபருக்கான எஸ்எஃப்பி துளையே இருக்கும், இந்தப் பக்கம் கன்வெர்ட்டர் மிச்சம். உறைஞ்சு நிக்கிற கேமராவை போன்லிருந்தே அந்த போர்ட்டை அணைச்சுப் போட்டு எழுப்பலாம்.

மெரிபேங்க்_அக்கா:
வயரைப் பிடுங்கிச் செருகினா அதே வேலைதான் தம்பி.

கம்பிக்காரன்:
வீட்டைப் பூட்டிட்டு ஊருக்குப் போனப்புறம் யாரு அக்கா பிடுங்குறது?