கருவாட்டுத் தொக்கு பாட்டிலுக்கு லேபிள் எப்படி அமைப்பது?

முதுநகர் மருமகள் (கடலூர்):

வணக்கம். கடலூர் முதுநகரில் நானும் என் மாமியாரும் வீட்டிலேயே நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு செய்து, 200 கிராம் கண்ணாடி பாட்டிலில் அடைத்து விற்கிறோம். இதுவரை தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுத்து வந்ததால் கணினி மையத்தில் எடுத்த ஸ்டிக்கரே போதுமாக இருந்தது. இப்போது புதுச்சேரியில் ஒரு கடைக்காரர் மாதம் 100 பாட்டில் கேட்கிறார். ஆனால் இந்த லேபிளோடு அலமாரியில் வைக்க முடியாது என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான். எண்ணெய் பட்ட விரலால் தொட்டாலே தாளில் கறை ஏறி மை கலைகிறது; நான்கே நாளில் ஓரம் பெயர்ந்துவிடுகிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் பதிவு வாங்கிவிட்டோம். எந்தத் தாளில் அச்சிடுவது, என்னென்ன விவரங்கள் கட்டாயம், முழுவதும் தமிழிலேயே போடலாமா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

லாசுப்பேட்டை வடிவமைப்பாளர் (புதுச்சேரி):

சகோதரி, நீங்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் குரோமோ ஸ்டிக்கராக இருக்கும். அது பளபளப்பாகத் தெரிந்தாலும் வெறும் தாள்தான்; தொக்குக்கும் ஊறுகாய்க்கும் அது ஆகாது. தாளுக்குப் பதில் பிளாஸ்டிக் படலத்தில் வரும் பிபி ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி, அதன்மேல் லேமினேஷனும் செய்துகொண்டால் எண்ணெய் உள்ளே இறங்காது. ஓரம் பெயர்வதற்குத் தாள் மட்டும் காரணமல்ல. தொக்கை நிரப்பி மூடிய பிறகு பாட்டிலின் வெளிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசுக்கு இருக்கும். நம் கடலோர ஈரக்காற்றும் சேர்ந்துகொண்டால் எந்தப் பசையும் பிடிக்காது. பாட்டில் முழுவதும் ஆறிய பிறகு, சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு ஒட்டிப் பாருங்கள்.

அளவைக் கணினியில் முடிவு செய்யாதீர்கள். வெள்ளைத் தாளை வெட்டிப் பாட்டிலில் சுற்றிப் பார்த்து, தோள் வளைவு தொடங்கும் இடத்துக்குக் கீழேயே லேபிள் முடியும்படி அமைக்க வேண்டும். வளைவில் ஏறினால் சுருக்கம் விழும். உருண்டைப் பாட்டிலில் ஒரே பார்வையில் தெரிவது சுற்றளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்பதால், பொருளின் பெயர் அதற்குள் அடங்க வேண்டும். புதுச்சேரி என்றாலே மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் வரைந்து தரும் பழக்கம் எங்கள் தொழிலில் இருக்கிறது. அலமாரியில் ஏற்கெனவே இருக்கும் பத்து லேபிள்களோடு பதினொன்றாகக் கலந்துவிட உங்களுக்கு விருப்பம் இல்லையென்றால், அதை மறுத்துவிடுங்கள்.

பண்ருட்டி பலாக்காய் சிப்ஸ்காரர்:

அழகை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள், அம்மா. பின்பக்கத்தை முதலில் எழுதுங்கள். பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, தயாரிப்பாளரின் பெயரும் முழு முகவரியும், 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு எண், தொகுதி (பேட்ச்) எண், தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, அனைத்து வரிகளும் உட்பட்ட அதிகபட்ச விலை, குறை சொல்வதற்கான தொலைபேசி எண் ஆகியவை இடம்பெற வேண்டும். கிராமுக்கு என்ன விலை என்பதையும் காட்ட வேண்டும். 200 கிராம் 180 ரூபாய் என்றால், கிராமுக்கு 0.90 ரூபாய். சேர்மானங்களை எடை அதிகமானதில் தொடங்கி இறங்குவரிசையில் எழுத வேண்டும். கருவாடு என்பதால் 'மீன் உள்ளது' என்ற ஒவ்வாமைக் குறிப்பும், பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணமாக உள்ள அசைவக் குறியீடும் கட்டாயம். 2020ஆம் ஆண்டின் லேபிள் ஒழுங்குமுறைகள் வருவதற்கு முன் அது வட்டமாக இருந்தது. இணையத்தில் இன்னும் கிடைக்கும் பழைய படத்தை எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

முழுத் தமிழ் லேபிள் செல்லாது. கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும். கூடுதலாகத் தமிழிலும் போடலாம்.

விலையையும் தேதியையும் மொத்தமாக அச்சடித்துவிடாதீர்கள். நான் 2,000 லேபிளில் விலையை அச்சிட்டுவிட்டு, எண்ணெய் விலை ஏறியதும் மேலே புது ஸ்டிக்கர் ஒட்டினேன். விலையைக் கூட்டி ஒட்டுவது சட்டப்படி தவறு என்று சொல்லிக் கடைக்காரர் சரக்கைத் திருப்பியனுப்பிவிட்டார். மீதி லேபிள்கள் இன்றும் பரணில் கிடக்கின்றன. அந்த இடத்தை வெறுமையாக விட்டு, ஒவ்வொரு தொகுதிக்கும் முத்திரை குத்திக்கொள்ளுங்கள். ஆனால் லேமினேஷன் மேல் சாதாரண முத்திரை மை நிற்காது, அதற்கென்று விற்கும் மையை வாங்க வேண்டும்.

நெல்லிக்குப்பம் அச்சகத்தார்:

தமிழ் எழுத்தைப் பற்றி ஒன்று. 'தொக்கு' என்ற சொல்லே சில பழைய மென்பொருள்களில் உடைந்துவிடும். கணினி ஒற்றைக்கொம்பை 'த'வுக்குப் பிறகே சேமித்து வைக்கிறது; அதை முன்னால் கொண்டுவந்து காட்டத் தெரியாத மென்பொருள், கொம்பையும் காலையும் 'த'வுக்குப் பின்னால் நிறுத்திவிடும். தமிழ் படிக்கத் தெரியாத வடிவமைப்பாளருக்கு அந்தப் பிழை கண்ணில் படாது. எழுத்துகளை நீங்களே சரிபார்த்து, அவற்றைக் கர்வ் ஆக, அதாவது எழுத்துரு இல்லாமலும் மாறாத வரைகோடுகளாக, மாற்றச் சொல்லி, உண்மை அளவில் ஒரு படி எடுத்துப் பார்த்த பிறகே மொத்தமாக அச்சிடச் சொல்லுங்கள். பார்கோடு போடுவதாக இருந்தால் தொக்கின் நிறம் என்று சிவப்பில் போடாதீர்கள். கடை ஸ்கேனரின் சிவப்பு ஒளிக்குச் சிவப்புக் கோடுகள் தெரியாது. வெள்ளைப் பின்னணியில் கறுப்புக் கோடுகளே பாதுகாப்பானவை. சிறிய பாட்டிலில் அவை ஏணிப்படிகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அமையட்டும்.

முதுநகர் மருமகள் (கடலூர்):

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று தாளைச் சுற்றிப் பார்த்ததில், பழைய லேபிள் தோள் வளைவில் ஒரு விரல் அகலம் ஏறியிருந்தது தெரிந்தது. சேர்மானத்தில் கருவாடுதான் முதலில் வர வேண்டும் என்று என் மாமியார் பிடிவாதமாக இருந்தார். ஒரு தொகுதிக்குப் போடுவதையெல்லாம் தராசில் வைத்துப் பார்த்தோம், வெங்காயம் முந்திவிட்டது. அடுத்த தொகுதியில் வெங்காயத்தைக் குறைக்கப் போவதாக அவர் சொல்லியிருக்கிறார். அதனால் லேபிளை அதற்குப் பிறகே அச்சுக்குக் கொடுக்கிறேன்.