ஹோப்டவுன் மாளிகையின் இரு முகப்புகள்: எது பழையது?

கேள்வி – கல்நோக்கி

ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்கு மேற்கே, சவுத் குயீன்ஸ்ஃபெரிக்கு அருகில் உள்ள ஹோப்டவுன் மாளிகையின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஐயம் எழுகிறது. கிழக்கு முகப்பில் சுவரோடு ஒட்டிய பெருந்தூண்களும், இருபுறமும் வளைந்து சென்று துணைக் கட்டடங்களைத் தொடும் தூண் வரிசைகளும் அரண்மனைக்குரிய தோற்றத்தைத் தருகின்றன. மேற்கே, தோட்டத்தை நோக்கிய பக்கமோ அளவான, அடக்கமான வீடாகத் தெரிகிறது. பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதியதைக் கட்டினார்களா, அல்லது அதன் ஒரு பகுதி இன்னும் நிற்கிறதா?

மறுமொழி – சுதைவேலை

நிற்கிறது. நீங்கள் மேற்கில் காண்பதில் பெரும்பகுதி 1699 முதல் 1701 வரை சர் வில்லியம் புரூஸ் கட்டிய வீடுதான். ஹோலிரூட் அரண்மனையின் மறுகட்டுமானத்துக்கும் கின்ராஸ் மாளிகைக்கும் வடிவம் தந்தவர் அவர். 1682இல் குளோஸ்டர் என்ற போர்க்கப்பல் மூழ்கியபோது, இந்தக் குடும்பத்தின் ஜான் ஹோப் இறந்துவிட, அப்போது குழந்தையாக இருந்த மகன் சார்ல்ஸுக்காக அந்த வீடு எழுந்தது. சார்ல்ஸ் 1703இல் ஹோப்டவுனின் முதல் பிரபு ஆனார். அந்தத் தகுதிக்கு வீடு போதவில்லை என்று அவர் கருதியதில் வியப்பில்லை. 1721இல் கட்டடக் கலைஞர் வில்லியம் ஆடம் விரிவாக்கத்தைத் தொடங்கியபோது, புரூஸின் வீட்டைத் தரைமட்டமாக்காமல், கிழக்குப் பக்கம் முழுவதையும் புதிய முகப்பால் போர்த்தினார். உங்கள் ஐயத்தின் வேர் இந்த முடிவில்தான் இருக்கிறது.

மறுமொழி – நிலைவாசல்

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இந்த மாளிகையின் வளர்ச்சியை வெளிச்சுவரைவிட உள்ளே நடந்தால்தான் தெளிவாக உணரலாம் என்பது என் கருத்து. நடுவிலுள்ள எண்கோணப் படிக்கட்டு புரூஸின் காலத்தது. மரப்பலகை பொதிந்த சுவர்களும், பூவும் கனியும் இலையுமாகச் செதுக்கிய வேலைப்பாடும் பதினேழாம் நூற்றாண்டின் இறுதிக்கால ரசனையை அப்படியே காட்டுகின்றன. (அதன் மேலுள்ள குவிமாட ஓவியம் மட்டும் 1967ஆம் ஆண்டைச் சேர்ந்தது, அதைப் பழையதென்று எண்ணிவிடக் கூடாது.) அங்கிருந்து கிழக்கே உள்ள மஞ்சள், சிவப்பு வரவேற்பறைகளுக்கு வந்தால் மரத்தின் இருள் விலகி, உயர்ந்த விதானமும் பொன்பூச்சுப் பெற்ற சுதை வேலையும் எதிர்ப்படும். 1748இல் வில்லியம் ஆடம் இறந்த பிறகு, மகன்கள் ஜானும் ராபர்ட்டும் பணியை ஏற்று 1767 அளவில் முடித்தார்கள். இவ்வறைகள் அவர்கள் கைவண்ணம். ராபர்ட் 1754இல் இத்தாலிப் பயணம் மேற்கொண்டபோது உடன் சென்றவர் இதே குடும்பத்தின் மற்றொரு சார்ல்ஸ் ஹோப் என்பதையும் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் பிரிட்டன் முழுவதும் புகழ்பெற்ற ஒரு கலைஞருக்கு இந்த வீடு தொடக்கக் களமாக இருந்தது.

கேள்வி – கல்நோக்கி

மிக்க நன்றி. இவ்வளவு பெரிய கிழக்கு முகப்பின் நடுவே, பார்வையை நிறுத்தும் ஒரு தூண் மண்டபம் இல்லாதது குறையாகவே படுகிறது. அது பின்னர் இடிக்கப்பட்டதா?

மறுமொழி – சுதைவேலை

இடிக்கப்படவில்லை, கட்டப்படவே இல்லை. தந்தையின் திட்டத்தில் நடுவே முன்மண்டபம் இருந்தது. மகன்கள் அதைக் கைவிட்டு, அகன்ற படிகளோடு முகப்பை முடித்தார்கள். அது நல்ல முடிவு என்றே நான் நினைக்கிறேன். நீண்டு கிடக்கும் சுவரும் இருபுற வளைவுகளும் இப்போது ஒரே மூச்சில் கண்ணுக்குள் வருகின்றன. நடுவில் மண்டபம் துருத்தியிருந்தால் அந்த ஓட்டம் தடைப்பட்டிருக்கும்.

மறுமொழி – நிலைவாசல்

அதில் எனக்கு உடன்பாடில்லை. அவ்வளவு நீளமான முகப்புக்கு வலுவான மையம் தேவை என்று வில்லியம் ஆடம் கணித்தது சரியே.

பிற்கால மாற்றங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். 1820 அளவில் ஜேம்ஸ் கில்லெஸ்பி கிரஹாம் பெரிய உணவுக்கூடத்தை அமைத்தார். 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் இங்கு வந்தபோது, ஓவியர் ஹென்றி ரேபர்னுக்கு சர் பட்டம் வழங்கினார். 1974இல் மாளிகையைக் காக்க ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது.