9 வருட ஸ்போர்ட்ஸ் கார், 64,000 கி.மீ.: இன்னும் எத்தனை வருடம் ஓடும்?

சிவப்புக் கூபே:
வணக்கம் நண்பர்களே. என்னிடம் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருக்கிறது. ஆறு சிலிண்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், டைரக்ட் இன்ஜெக்‌ஷன், டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ். புதிதாக வாங்கி 9 வருடம் ஆகிறது. ஓடியது 64,000 கிலோமீட்டர்தான். வார இறுதியில் மட்டும் எடுப்பேன். வேலை அதிகமான மாதங்களில் மூன்று வாரம்கூட உறை போட்டபடியே நிற்கும்.

இப்போது இரண்டு பிரச்சினை. போன மாதம் மூன்று வாரம் கழித்து ஸ்டார்ட் செய்ததும் ஏபிஎஸ், ஸ்டீயரிங், கியர்பாக்ஸ் என்று ஐந்தாறு வார்னிங் லைட் ஒரே நேரத்தில் எரிந்தன. அணைத்துவிட்டு மறுபடி போட்டால் பாதி போய்விட்டன. இரண்டாவது, நன்றாக ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினால் முன்பக்கம் லேசாக ஒரு இனிப்பு வாசனை. தரையில் சொட்டு இல்லை. ஆனால் இரண்டு மாதத்தில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஒரு விரல் அளவு இறங்கியிருக்கிறது.

ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், "இந்த மாதிரி வண்டிக்கு ஆயுள் பத்து வருடம்தான், விலை இருக்கும்போதே தள்ளிவிடுங்கள்" என்கிறார்கள். எனக்கு விற்க மனமில்லை. ஆசைப்பட்டு வாங்கிய வண்டி. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் உண்மையில் எவ்வளவு காலம் வரும்?

பழைய ஸ்பேனர்:
விற்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த வாசனை.

இனிப்பு வாசனை என்றால் பெரும்பாலும் கூலன்ட்தான், அதிலுள்ள கிளைக்கால் தரும் வாசனை அது. தரைக்கு வராததற்குக் காரணம், கசிவது சூடான பாகத்தில் பட்டு அங்கேயே காய்ந்துவிடுகிறது. எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு எக்ஸ்பேன்ஷன் டேங்கின் (கூலன்ட் ஊற்றும் பிளாஸ்டிக் டேங்க்) ஒட்டு, ஹோஸ் முனைகள், ரேடியேட்டரில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேரும் இடம் எல்லாவற்றையும் பாருங்கள். உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாகவோ கூலன்ட் நிறத்திலோ ஒரு படிவு இருக்கும். கண்ணுக்குப் படாவிட்டால் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். கைப்பம்பால் அந்த டேங்க் மூடியில் போட்டிருக்கும் அளவுக்கு அழுத்தம் ஏற்றி, இருபது நிமிடம் முள் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. காரணம் தெரியும்வரை வண்டியை விரட்டவும் வேண்டாம். எஞ்சினின் மேல்பாகமான அலுமினிய ஹெட் ஒரு தடவை ஓவர்ஹீட் ஆகி வளைந்தால் செலவு எங்கேயோ போய்விடும்.

லைட் விஷயம்: பேட்டரி எப்போது மாற்றியது?

சிவப்புக் கூபே:
மாற்றவே இல்லை சார். வண்டியோடு வந்ததுதான்.

பழைய ஸ்பேனர்:
அப்படியென்றால் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலே இந்த வண்டிகளில் ஒவ்வொரு கன்ட்ரோல் யூனிட்டும் தனித்தனியாகப் புகார் சொல்ல ஆரம்பிக்கும். ஒரு இரவு நின்ற வண்டியில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நல்ல சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. புதிது போடும்போது அதே வகை பேட்டரிதானா என்று பார்த்து வாங்குங்கள். சில வண்டிகளில் புது பேட்டரியை ஸ்கேனர் மூலம் பதிவு செய்யவும் வேண்டும். பதியாவிட்டால் பழைய பேட்டரி என்றே நினைத்து சார்ஜ் ஏற்றும்.

இரவுப்பயணி:
ஆயுள் கேள்விக்கு நான் வருகிறேன். பத்து வருடம் என்ற கணக்கு எனக்குப் புரியவே இல்லை. 1966-இல் வால்வோ பி1800எஸ் ஒன்றை வாங்கிய இர்வ் கார்டன் என்ற அமெரிக்க ஆசிரியர், 2013-இல் அதே காரில் 30 லட்சம் மைலைத் தாண்டினார். கிலோமீட்டரில் 48 லட்சத்துக்கும் மேல். அவர் செய்தது ஆயிலையும் பாகங்களையும் நேரத்துக்கு மாற்றியதும், வண்டியை நிற்கவிடாமல் ஓட்டியதும்தான். என் சின்ன ரோட்ஸ்டர் 2,10,000 கி.மீ. கடந்துவிட்டது, எஞ்சினை இதுவரை திறக்கவில்லை. நின்ற வண்டிதான் கெடும், ஓடுகிற வண்டி கெடாது.

கருவிப்பெட்டி:
இரவுப்பயணி சொல்வதில் பாதியைத்தான் ஏற்பேன். பி1800 கார்புரேட்டர் காலத்து வண்டி. அதில் கம்ப்யூட்டரே கிடையாது. இன்றைய ஸ்போர்ட்ஸ் காரில் எஞ்சினின் இரும்பும் அலுமினியமும் கடைசியில்தான் போகும். முதலில் போவது பிளாஸ்டிக் கூலன்ட் குழாய், ரப்பர் புஷ், சீல், சென்சார், கன்ட்ரோல் யூனிட். இவை கிலோமீட்டரைப் பார்க்காது. வயதையும் சூட்டையும்தான் பார்க்கும். அதனால் 64,000 என்ற எண்ணை வைத்து இது இளம் வண்டி என்று நினைக்காதீர்கள். 9 வருடம் என்பதுதான் முக்கியம்.

உதிரிபாகம் கிடைக்கும்வரை வண்டிக்கு உயிர் இருக்கிறது. அதனால்தான் நிஸான் 2017-இல் ஆர்32 ஜிடி-ஆருக்கு மறுபடி பாகங்களைத் தயாரித்து விற்க ஆரம்பித்ததும், டொயோட்டா பழைய சுப்ரா ஏ70, ஏ80 மாடல்களுக்கு அப்படியே செய்ததும் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. எல்லா மாடலுக்கும் அந்த யோகம் வாய்க்காது.

இன்னொன்று, உங்கள் எஞ்சின் எந்த வகை என்று காட்டும் கோட் எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு பலவீனம் உண்டு. போர்ஷே பாக்ஸ்டர், 911-இன் 996 மாடல் எஞ்சின்களில் இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங்தான் அந்தப் பலவீனம் என்று எல்லாருக்கும் தெரியும். 2009 மாடலுக்கு வந்த புது எஞ்சினில் அந்த ஷாஃப்ட்டே இல்லை. பி.எம்.டபிள்யூ எம்3-இன் வி8-இல் கனெக்டிங் ராட் பேரிங்கை முன்கூட்டியே மாற்றிவிடுகிறவர்கள் நிறைய. அந்த ஒரு இடத்தைக் காப்பாற்றிவிட்டால் மற்றது தானாக ஓடும்.

மெல்லோட்டம்:
ஒரு விஷயம் யாரும் கேட்கவில்லை. வார இறுதியில் எடுக்கும்போது எவ்வளவு தூரம் போகிறீர்கள்? ஸ்டார்ட் செய்து எவ்வளவு நேரத்தில் விரட்டுகிறீர்கள்?

சிவப்புக் கூபே:
சில நாள் 8, 10 கிலோமீட்டர்தான். டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்ததும் மிதிப்பேன்.

மெல்லோட்டம்:
அந்த முள் காட்டுவது கூலன்ட் சூடு. ஆயில் அதற்குப் பின்னால்தான் சூடாகும், பத்து நிமிடம்கூடப் பிந்தும். உங்கள் வண்டியில் ஆயில் டெம்பரேச்சர் தனியாகக் காட்டினால் 80 டிகிரி வரும்வரை 3,000 ஆர்பிஎம்முக்குள் வைத்திருங்கள். நிறுத்தி வைத்து ஐடிலில் சூடாக்குவதும் வேண்டாம், மெதுவாக ஓட்டியே சூடாக்குங்கள்.

பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் ஆயிலில் சேரும் பெட்ரோலும் ஈரமும் ஆவியாகப் போக நேரமே இல்லை. ஆயில் மூடியைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். வெண்ணெய் மாதிரி மஞ்சளாக ஒட்டியிருந்தால் இதுதான் காரணம். ஆனால் உங்களுக்குக் கூலன்ட்டும் குறைகிறது, எனவே அப்படி இருந்தால் ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கெட்டையும் சோதித்துவிடுங்கள். மாதம் இரண்டு தடவையாவது ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள். கிலோமீட்டர் ஏறவில்லை என்றாலும் வருடத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்றுங்கள். ஃபில்டரை வெட்டி மடிப்பை விரித்து வெளிச்சத்தில் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. காந்தத்தில் ஒட்டுகிறதா, செம்பு நிறத்தில் மின்னுகிறதா என்று பார்த்தால் உள்ளே எது தேய்கிறது என்று முன்னமே தெரிந்துவிடும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள். டயரின் வயதையும் பாருங்கள், பக்கவாட்டில் தயாரான தேதியாக நான்கு இலக்கம் இருக்கும், 2318 என்றால் 2018-இன் 23-ஆவது வாரம்.

சிவப்புக் கூபே:
பத்து நாள் கழித்து வருகிறேன், எல்லாருக்கும் நன்றி. பேட்டரி 12.1 காட்டியது. புதிது போட்டுப் பதிவும் செய்தாயிற்று, ஒரு லைட்கூட எரியவில்லை. ஆயில் மூடியின் அடிப்பக்கம் சுத்தமாக இருந்தது. பிரஷர் டெஸ்டில் முள் மெதுவாக இறங்கியது. எக்ஸ்பேன்ஷன் டேங்கின் கீழ் ஒட்டில் தலைமுடி அளவு விரிசல். மேலிருந்து பார்த்தால் தெரியாது, விரலை உள்ளே விட்டுத் தடவினால் பொருபொருவென்று படிவு உதிர்ந்தது. டேங்க், மூடி, அதையொட்டிய இரண்டு ஹோஸ் எல்லாம் மாற்றிவிட்டேன். பழைய ஹோஸை வளைத்தபோது மேல்தோல் வெடித்தது. டயர் எண்ணைப் பார்த்தேன், வண்டியின் வயதேதான். அதையும் மாற்றச் சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம். டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் வால்வில் கரி படியும் என்கிறார்களே, இப்போதே சுத்தம் செய்யணுமா?

பழைய ஸ்பேனர்:
படியும். பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போவதால் இன்டேக் வால்வைக் கழுவ எதுவும் இல்லை. ஆனால் ஐடில் தடுமாறுகிறதா, குளிர்ந்த ஸ்டார்ட்டில் மிஸ்ஃபயர் வருகிறதா? இல்லையென்றால் சும்மா திறக்க வேண்டாம். கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கனமாகப் படிந்திருந்தால் வால்நட் ஓட்டுத் துகளை வீசிச் சுத்தம் செய்வார்கள்.

உங்கள் வண்டியைப் பற்றிக் கேட்டதை வைத்துச் சொல்கிறேன், இன்னொரு பத்து வருடம் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு லட்சம் கிலோமீட்டரும் எட்டாத தூரம் இல்லை.

சிவப்புக் கூபே:
தடுமாற்றம் எதுவும் இல்லை. இன்று காலை ஒன்றரை மணி நேரம் ஓட்டினேன். ஆயில் 80 டிகிரி தொட 17 நிமிடம் ஆனது, இத்தனை வருடம் அதைக் கவனித்ததே இல்லை. திரும்பி வந்து பானெட்டைத் திறந்து குனிந்து பார்த்தேன், வாசனை இல்லை. அடுத்த மாதம் ஆயில் மாற்றும்போது ஃபில்டரை வெட்டிப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.